தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட விமானங்கள்

உலக வரைபடத்தில் தைபேயையும் ஷாங்காயையும் தேடிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 121.5 பாகையில் இருக்கின்றன. தைபேயிலிருந்து நேராக வடக்கே ஒரு கோடு இழுத்தால் அது ஷாங்காயில் போய் முட்டும். நடுவில் கடல். தூரம் சுமார் 680 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. மேலே ஏறி, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, காலி டம்ளரைத் திரும்ப வாங்குவதற்குள் ஊர் வந்துவிடும். ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

ஆனால் 1949இன் கடைசியிலிருந்து 2008 வரை, கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள், ஒரு சாதாரணப் பயணியால் அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தைச் செய்ய முடியவில்லை. முதல் 38 ஆண்டுகள் போகவே அனுமதி இல்லை. அதற்குப் பிறகு அனுமதி கிடைத்தது, ஆனால் சுற்றிப் போக வேண்டும். வடக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் தென்மேற்கே ஹாங்காங்குக்குப் பறக்க வேண்டும். அது சுமார் 800 கிலோமீட்டர். அங்கே இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறி, வடகிழக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். மொத்தம் இரண்டாயிரம் கிலோமீட்டர். அதாவது மூன்று மடங்கு. வீட்டை விட்டுக் காலையில் கிளம்பினால் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், சென்னைக்காரர் ஒருவர் விசாகப்பட்டினம் போவதற்குக் கொச்சிக்குப் பறந்து, அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு விசாகப்பட்டினத்துக்குப் பறப்பது மாதிரி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று சொல்வோமே, அதை ஆண்டுக்குப் பல லட்சம் பேர் டிக்கெட் வாங்கிச் செய்தார்கள்.

இரண்டு ஊர்களுக்கு நடுவே எத்தனை மணி நேரம் என்று கேட்டால் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைப்போம். தைபே, ஷாங்காய் விஷயத்தில் அந்த வகுத்தல் பல காலம் எடுபடவில்லை. விமானங்கள் வேகமாகிக்கொண்டே வந்த அதே காலத்தில் பயணம் நீண்டுகொண்டே போனது. நீட்டியது யார், எதற்காக, அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நேர்வழி இருந்த காலம்

1895இலிருந்து 1945 வரை தைவான் ஜப்பானின் குடியேற்ற நாடு. உலகப்போரில் ஜப்பான் தோற்றதும் தீவு சீனக் குடியரசின் கைக்கு வந்தது. அடுத்த நான்கு ஆண்டுகள் ஷாங்காய்க்கும் தைவானுக்கும் இடையே கப்பலும் விமானமும் சாதாரணமாகப் போய்வந்தன. அதிகாரிகள், ஆசிரியர்கள், சர்க்கரை வியாபாரிகள் எல்லாரும் அந்த வழியில்தான் வந்தார்கள். நேர்வழிதான், வேறு வழியில் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

1948இன் பிற்பகுதியில் உள்நாட்டுப் போர் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்ததும் அதே வழி, தப்பிக்கும் வழியானது. 1949 ஜனவரி 27 இரவு, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், ஷாங்காயிலிருந்து தைவானின் கீலுங் துறைமுகத்துக்குக் கிளம்பிய தைப்பிங் என்ற கப்பல், கொள்ளளவுக்கு மேல் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு, ஊரடங்கு நேரம் என்பதால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சரக்குக் கப்பலின் மீது மோதி மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. மே மாதம் ஷாங்காய் வீழ்ந்தது.

விமானங்களுக்கும் இதில் ஒரு கதை உண்டு. சீனாவின் இரண்டு பெரிய விமான நிறுவனங்களும் தங்கள் விமானங்களை ஹாங்காங்கின் கை தாக் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. 1949 நவம்பர் 9 அன்று, அவற்றில் 12 விமானங்கள் சத்தமில்லாமல் கிளம்பி பெய்ஜிங், தியன்ஜின் பக்கம் போய் இறங்கிவிட்டன. நிர்வாகிகளே கட்சி மாறிவிட்டார்கள். மீதமிருந்த 71 விமானங்கள் யாருக்குச் சொந்தம் என்று ஹாங்காங்கில் தொடங்கிய வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய் 1952இல்தான் முடிந்தது. பின்னால் அறுபது வருடம் இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் ஹாங்காங் வகிக்கப்போகும் இடத்துக்கு இது ஒரு முன்னோட்டம் போல இருக்கிறது.

டிசம்பர் 10 அன்று சியாங் கை ஷேக் செங்டுவிலிருந்து தைபேக்குப் பறந்தார். பிறகு அவர் சீன மண்ணை மிதிக்கவே இல்லை. அவரோடும் அவருக்கு முன்னும் பின்னுமாகவும் தைவான் வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் ஆறு லட்சம் பேர் சிப்பாய்கள். இருபது வயதுப் பையன்கள், அதற்கும் கீழே உள்ளவர்கள். பலர் விருப்பப்பட்டு வந்தவர்களும் இல்லை. வயலில் நின்றவனைப் படையில் பிடித்துப் போட்டு, கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்குள்ள திரும்பிடலாம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. திரும்பப் போகிறவனுக்கு இங்கே குடும்பம் எதற்கு என்று, கீழ்நிலைச் சிப்பாய்கள் கல்யாணம் செய்துகொள்ளவும் பல ஆண்டுகள் கட்டுப்பாடு இருந்தது.

கடலில் ஒரு கோடு

தைவான் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர் அகலம். 1950களில் அமெரிக்கர்கள் அதன் நடுவே வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத கோடு. ஆனாலும் இரு பக்கத்துப் போர் விமானங்களும் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் அதை மதித்தன. சீனக் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் கின்மென் தீவு தைவான் கையில் இருந்தது. 1958இல் அதன்மீது தொடங்கிய பீரங்கித் தாக்குதல், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாறி 1978 முடியும் வரை நடந்தது. கடைசிக் காலத்தில் குண்டுகளுக்குள் பிரசுரங்களை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குத் தபால் அனுப்ப அதுதான் வழி!

1979 ஜனவரி 1 அன்று பெய்ஜிங் தொனியை மாற்றியது. தபால், வணிகம், போக்குவரத்து மூன்றையும் நேரடியாகத் திறக்கலாம் என்று தைவான் மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. 'மூன்று இணைப்புகள்' என்ற சொல் அதிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. தைபேயில் அப்போது சியாங் கை ஷேக்கின் மகன் சியாங் சிங்-குவோ ஜனாதிபதி. அவருடைய பதில் மூன்று இல்லைகள்: தொடர்பு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, சமரசம் இல்லை.

இது வெறும் வறட்டுப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. தைவானைப் பொறுத்தவரை தூரம்தான் அரண். ஓடுபாதையில் இறங்க வருவது பயணி விமானமா, படை வீரர்களை நிரப்பிய விமானமா என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் வேண்டும். நேர்வழியைத் திறந்தால் அந்த நிமிடங்கள் போய்விடும். இன்னொரு சிக்கலும் இருந்தது. நேரடி விமானம் என்றால் அது உள்நாட்டு விமானமா, சர்வதேச விமானமா? உள்நாடு என்றால் தைவான் சீனாவின் ஒரு மாகாணம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சர்வதேசம் என்றால் தைவான் தனி நாடு என்று பெய்ஜிங் ஒத்துக்கொண்டதாகிவிடும். நடுவில் மூன்றாவது ஊர் ஒன்றில் இறங்கி ஏறினால் இந்தக் கேள்வியே எழாது. பயணியின் நேரம் வீணாகும்தான். ஆனால் அரசுகளுக்கு மானம் மிஞ்சும்.

ஒரு விமானி செய்த காரியம்

1986 மே 3. தைவானின் சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று பாங்காக்கிலிருந்து ஹாங்காங் நோக்கி வந்துகொண்டிருந்தது. கேப்டன் வாங் ஷி-ஜுவே, சிச்சுவானில் 1929இல் பிறந்தவர். தைவான் விமானப் படையில் இருந்தபோது அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தைச் சீனாவின் மேல் ஓட்டியவர். சொந்த ஊரை அவரளவு உயரத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு, இறங்கத்தான் முடியவில்லை. ஹாங்காங் நெருங்கும்போது அவர் உடனிருந்த இருவரை மடக்கிவிட்டு, விமானத்தைக் குவாங்சோவில் கொண்டுபோய் இறக்கினார். குடும்பத்தோடு சேர வேண்டும், இங்கேயே இருக்கப் போகிறேன் என்றார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் தைவானில் இருந்தார்கள். ஒரு குடும்பத்தோடு சேர இன்னொரு குடும்பத்தை விட்டு வர வேண்டியிருந்தது.

இப்போது தைபேக்குத் தர்மசங்கடம். விமானமும் இரண்டு ஊழியர்களும் திரும்ப வேண்டும். ஆனால் தொடர்பு இல்லை, பேச்சு இல்லை என்பது கொள்கை. கடைசியில் மே 17 முதல் 20 வரை ஹாங்காங்கில் இரு தரப்பு விமான நிறுவனங்களும் உட்கார்ந்து பேசின. அரசாங்கம் எதுவும் பேசல, கம்பெனிக்காரங்க கம்பெனிக்காரங்களோட பேசிக்கிட்டாங்க என்பதுதான் தைபே சொன்னதன் சாரம். மே 23 அன்று விமானமும் ஊழியர்களும் கை தாக்கில் ஒப்படைக்கப்பட்டார்கள். 1949க்குப் பிறகு இரு தரப்பும் வெளிப்படையாக மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

அடுத்த வருடம் அந்த முன்னாள் சிப்பாய்கள் தெருவுக்கு வந்தார்கள். 1987 அன்னையர் தினத்தன்று தைபேயில், 'வீட்டு ஞாபகம்' என்று பொருள்படும் இரண்டே எழுத்துகளைச் சட்டையில் எழுதிக்கொண்டு கிழவர்கள் நின்றார்கள். உயிரோடு இருந்தால் அம்மாவைப் பார்க்க, இல்லையென்றால் சமாதிக்காவது போக வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஜூலையில் 38 ஆண்டு ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பர் 2இலிருந்து, சீனாவில் நெருங்கிய உறவினர் உள்ளவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. வரிசை நீண்டது. வழி மட்டும் ஒன்றுதான்: ஹாங்காங்.

ஹாங்காங் என்னும் சாவடி

கை தாக் விமான நிலையத்தில் அந்தக் காலத்தில் இறங்கியவர்களை இப்படி நினைத்துப் பாருங்கள். அறுபதை நெருங்கிய அல்லது தாண்டிய ஆண்கள். முதல் முறையாக விமானம் ஏறியவர்கள் பலர். கையில் தங்க மோதிரங்கள், மூட்டையில் துணிமணிகள். சொந்தக்காரர்களுக்கு வண்ணத் தொலைக்காட்சி வாங்கித் தர வேண்டும், குளிர்பதனப் பெட்டி வாங்கித் தர வேண்டும். சாதாரணச் சிப்பாயின் ஓய்வூதியத்தில் இதெல்லாம். ஹாங்காங்கில் பேசும் கண்டோனீஸ் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புரியாது. கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்று, சீனாவுக்குள் போகும் அனுமதிப் புத்தகத்தை வாங்கி, அடுத்த விமானத்தையோ ரயிலையோ பிடிக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்தால் அம்மா இல்லை. விட்டுவிட்டு வந்த மனைவி வேறொருவரைக் கல்யாணம் செய்திருப்பார், அல்லது நாற்பது வருடம் காத்திருந்திருப்பார். இரண்டில் எது கனமானது என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது ஒரு பிடி ஊர் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

1990களில் முதியவர்களோடு வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். தைவான் தொழிற்சாலைகள் குவாங்டோங்குக்கும், பிறகு ஷாங்காயை அடுத்த சூசோ, குன்ஷான் பகுதிகளுக்கும் இடம் பெயர்ந்தன. குன்ஷானுக்குக் 'குட்டி தைபே' என்றே பெயர் வந்தது. தைபே, ஹாங்காங் வழித்தடம் உலகின் மிக நெருக்கடியான சர்வதேச வழித்தடங்களில் ஒன்றானது. விமான நிறுவனங்களுக்கு அது தங்கச் சுரங்கம். இந்த இருக்கைகளில் பெரும்பகுதி ஹாங்காங்கில் எந்த வேலையும் இல்லாதவர்களால் நிரம்பியது என்பதுதான் வேடிக்கை. 1996இல் ஜனாதிபதி லீ தெங்-ஹுய், அவசரப்படாதீர்கள், பொறுமையாக இருங்கள் என்று முதலீட்டாளர்களுக்கு அணை போட்டுப் பார்த்தார். பணம் சுற்றிக்கொண்டு போனது, ஆட்களைப் போலவே.

சுற்றுவழியிலும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். 1995இல் மக்காவ் விமான நிலையம் திறந்ததும், ஏர் மக்காவ் தைபேயிலிருந்து கிளம்பும் விமானத்தை மக்காவில் இறக்கி, விமான எண்ணை மட்டும் மாற்றி, அதே விமானத்தைச் சீனாவுக்குள் ஓட்டியது. 2001இலிருந்து கின்மெனுக்கும் எதிர்க்கரை ஷியாமெனுக்கும் படகு விட்டார்கள். ஒரு காலத்தில் குண்டு பறந்த அதே பாதை.

2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் போன சைனா ஏர்லைன்ஸ் 611 விமானம் பெங்ஹு தீவுகளுக்கு அருகே வானிலேயே உடைந்து விழுந்தது. 225 பேரும் இறந்தார்கள். 22 ஆண்டுகளுக்கு முன் வால்பகுதியில் சரியாகச் செய்யப்படாத ஒரு பழுதுபார்ப்புதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதற்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஹாங்காங் வழியாகச் சீனாவுக்குச் சுற்றுலா கிளம்பிய குழுக்களைச் சேர்ந்தவர்கள்.

அங்குலம் அங்குலமாக

நேர்வழி ஒரே நாளில் திறக்கவில்லை. 2003 ஜனவரி 26 அன்று, புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் வியாபாரிகளுக்காக, தைவானின் பயணி விமானம் ஒன்று முதல் முறையாக ஷாங்காயில் இறங்கியது. ஆனால் போகும்போதும் வரும்போதும் ஹாங்காங்கிலோ மக்காவிலோ தரை தொட வேண்டும். யாரும் ஏறப் போவதில்லை, இறங்கப் போவதில்லை. சும்மா தொட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

2005 புத்தாண்டில் ஒரு படி முன்னேற்றம். ஜனவரி 29 முதல் இரு தரப்பு விமானங்களும் பறந்தன. தரை தொட வேண்டாம். ஆனால் ஹாங்காங்கின் வான் எல்லைக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். தைபேயின் கட்டுப்பாட்டு அறையும் ஷாங்காயின் கட்டுப்பாட்டு அறையும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இருவரோடும் ஹாங்காங் பேசும். ஆகவே ஷாங்காய்க்குப் போகும் விமானம் தெற்கே இறங்கி, ஹாங்காங்கின் வானத்தை ஒரு தொடு தொட்டுவிட்டு வடக்கே திரும்பியது. கீழே கடல், மேலே வானம், நடுவே யாருக்கும் தெரியாத ஒரு சம்பிரதாயம்.

2008 மே மாதம் மா யிங்-ஜியோ பதவியேற்றதும் வேலை வேகம் பிடித்தது. ஜூலை 4 முதல் வார இறுதி விமானங்கள். அன்று காலை குவாங்சோவிலிருந்து தைபே வந்த முதல் விமானத்தை நிறுவனத்தின் தலைவரே ஓட்டிவந்தார். அப்போதும் ஹாங்காங் வானத்தைச் சுற்றித்தான். ஷாங்காய்க்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நவம்பரில் தைபேயில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 15 அன்று புதிய பாதை திறந்தது. தைவானின் வடக்கே கிழக்குச் சீனக் கடலின் மேல் போகும் பாதை. நீரிணையின் நடுப்பகுதியை, அதாவது ராணுவம் கவலைப்படும் பகுதியை, அது தொடாது. தைபேயும் ஷாங்காயும் விமானத்தை நேரடியாகக் கைமாற்றிக்கொண்டன. பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்து ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. கப்பலும் தபாலும் அதே நாளில் நேரடியாயின. 1979இல் கேட்ட மூன்று இணைப்புகள் முப்பது வருடம் கழித்து.

2009 ஆகஸ்ட் 31 முதல் இவை முறையான தினசரிச் சேவைகள். 2010 ஜூனில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் சொங்ஷான், ஹொங்ச்சியாவ் விமான நிலையங்கள் இணைந்தன. காலையில் போய்க் கூட்டம் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். உள்நாடா, சர்வதேசமா என்ற கேள்வி என்னாயிற்று? அதற்குப் பதிலே சொல்லவில்லை. 'நீரிணை கடந்த' விமானம் என்று மூன்றாவதாக ஒரு பெயர் வைத்தார்கள். சீன விமான நிலையங்களில் 'சர்வதேசம், ஹாங்காங், மக்காவ், தைவான்' என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதி, புறப்படும் வாசலை ஒன்றாக்கினார்கள். அறுபது வருடம் விமானத்தைத் தடுத்த கேள்வி ஒரு பெயர்ப்பலகையில் அடங்கிப்போயிற்று.

நிமிடங்களின் விலை

கிடைத்த நேரம் நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் எம்503 என்ற பாதையில் வடதிசை விமானங்களைச் சீனா தன்னிச்சையாகத் தொடங்கியது. தைபே பதிலுக்குப் புத்தாண்டுக் கூடுதல் விமானங்களுக்கு அனுமதி தராமல் வைத்தது. பண்டிகைக்கு ஊர் போக இருந்தவர்கள் மறுபடியும் மாற்றுவழி தேடினார்கள். 2020 பிப்ரவரியில் பெருந்தொற்றால் நேரடி விமானங்கள் ஐந்தே விமான நிலையங்களுக்குச் சுருங்கின. 2022 ஆகஸ்டில் தைவானைச் சுற்றிச் சீன ராணுவம் பயிற்சி நடத்தியபோது விமானங்கள் ரத்தாயின, சில சுற்றிப் போயின. தூரம்தான் அரண் என்று பயந்தவர்களின் பயம் பொய் என்று இப்போதும் யாராலும் சொல்ல முடியாது.

இன்று அட்டவணையைப் பார்த்தால், ஓடுபாதையில் ஊர்வதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு அருகில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1949இல் இருபது வயதில் கப்பல் ஏறிய சிப்பாய்க்கு, ஹாங்காங் வழி திறந்த 1987இல் வயது 58. நேர்வழி திறந்த 2008இல் 79. அவனை வழியனுப்பிய அம்மாவுக்கு அன்று நாற்பது வயது என்று வைத்தாலும், முதல் வழி திறந்தபோது அவளுக்கு 78. ஷாங்காய் வியாபாரிக்கு அந்த டிசம்பர் ஒரு பகல் பொழுதை மிச்சப்படுத்திக் கொடுத்தது. சிப்பாய்க்கு அந்த வயதில் விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது. போய்ப் பார்ப்பதற்கு அங்கே அவரை அடையாளம் தெரிந்த ஆட்கள் அநேகமாக மிச்சமில்லை.